பச்சை பெயின்ட் வைத்த குழந்தை வண்டி

எங்கள் முதல் குழந்தை ஆபரேஷனில் பிறந்தது. திருவள்ளூரில் ஒரு டாக்டரம்மா நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. வீட்டுக்குக் கிளம்பும் அன்று நர்ஸ், "கொஞ்ச மாசத்துக்கு வெயிட் எதுவும் தூக்கக்கூடாது" என்றார். அதோடு விட்டிருக்கலாம். என் கணவர், "எத்தனை கிலோ வரைக்கும் தூக்கலாம்?" என்று கேட்டார். நர்ஸுக்கு அன்று வேலை அதிகம். "ஒரு கிலோகூடக் கூடாது சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

என் கணவர் அதைச் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டார். குழந்தை இரண்டே முக்கால் கிலோ.

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இரும்புக் கம்பி செய்யும் ஒரு ஆலையில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கம்பியை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் நுனியில் பச்சை பெயின்ட் வைப்பார், இல்லாவிட்டால் சிவப்பு. எழுதியிருக்கிற அளவைப் பற்றி அவரிடம் வாதாடி ஜெயித்தவர்கள் ஆலையில் யாரும் இல்லை. வீட்டில் நான் முயன்றதும் இல்லை.

பொதட்டூர்பேட்டையில் அம்மா வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். அம்மாவும் சித்தியும் குழந்தையை எடுத்து மடியில் கொடுப்பார்கள். பால் குடித்ததும் வாங்கிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் முதலில் கேட்பது, "தூக்கலியே?" என்பதுதான். "இல்ல" என்பேன். அதில் எனக்கு வருத்தம் இருந்தது. தையல் பிரிந்துவிடும் என்ற பயம் வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

லீவு முடிந்து கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பியபோதுதான் சிக்கல். நான் வேலை பார்த்த ஆரம்பப் பள்ளி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கு அடுத்த வீட்டு அக்கா பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் நடந்து போக இருபது நிமிஷம். குழந்தை இப்போது ஐந்தரை கிலோ. அவர் ஆலைக்குப் போக வேண்டியது நேர் எதிர்த் திசையில்.

"தூக்காம கொண்டு போறதுக்கு ஒரு வழி பாக்கறேன்" என்றார்.

எஸ்டேட்டில் கார் வைத்திருந்தவர்கள் இரண்டு மூன்று பேர். அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் அம்மா மடியில்தான் உட்கார்ந்து போயின. எங்களிடம் இருந்தது சைக்கிள். அதன் ஹேண்டிலில் மாட்டுகிற பிரம்பு சீட் ஒன்றை அவர் கடையிலிருந்து, பிடிக்காவிட்டால் திருப்பித் தருவதாகப் பேசி, எடுத்துவந்தார். ஐந்தரை கிலோ அரிசியை ஒரு பையில் கட்டி அதில் உட்காரவைத்து எஸ்டேட் ரோட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பி வந்தபோது பை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்குக் கழுத்து நிக்கல" என்றார்.

"அது அரிசி" என்றேன்.

"கொழந்தைக்கும் இன்னும் சரியா நிக்கலியே." சீட் கடைக்குத் திரும்பிப் போனது.

அந்த வாரம் ஒரு இன்ஜினீயர் மாற்றலாகி வடக்கே போனார். அவர் வீட்டில் சாமான் கட்டும்போது ஒரு குழந்தை வண்டி மிச்சமானது. கறுப்புக் கூண்டு, நான்கு பெரிய சக்கரம், பிரேக், உள்ளே நாப்தலின் வாசனை. வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார்கள். இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, நேராக ஆலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். லாரி எடை போடும் மேடையின் சரிவில் நிறுத்தி, பிரேக் போட்டு, உள்ளே இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கூடிவிட்டார்கள்.

"சார், உள்ள இன்னா கீது?"

"பதினாறரை கிலோ."

"கொழந்த அவ்ளோ கனமா சார்?"

"மூணு மடங்கு வச்சிப் பாக்கணும்" என்றாராம். வண்டி அசையவில்லை. கைப்பிடிக்குக் கீழே பச்சை பெயின்ட் வைத்து அன்று மாலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மறுநாள் காலை குழந்தையை வண்டியில் படுக்கவைத்துவிட்டு ஆலைக்குப் போனார். நான் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வரும் எதிலும் விற்கிற சாமான்தான் இருக்கும். பஸ் நிறுத்தத்தில் ஒருவர் கை தட்டிக் கூப்பிட்டார். கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, கொழந்தையா கீது?"

"ஆமாங்க."

"பன்னுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் பழைய இடத்திலேயே போய் நின்றுகொண்டார்.

பள்ளிக்கூட வாசலில் அக்கா வந்து குழந்தையை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் அவரே திரும்ப வண்டியில் படுக்கவைத்தார், வீட்டில் என் கணவர் வந்து தூக்கினார். ஐந்து நாள் இப்படியே நடந்தது. ரயில்வே கேட்டில் பாதையைக் கடக்கும்போது கேட்காரர் ஒவ்வொரு நாளும் வண்டியைப் பார்ப்பார்.

ஆறாம் நாள் தண்டவாளத்துக்கும் அதை ஒட்டிப் பதித்த பலகைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் முன்சக்கரம் இறங்கிவிட்டது. இழுத்தேன். தள்ளினேன். பின்னால் வந்த சைக்கிள்கள் ஒதுங்கிப் போயின. கேட்காரர் மணி அடிக்க ஆரம்பித்தார்.

"இன்னாமா அங்க நின்னுக்கினு கீற? ரயிலு வருது!"

"சக்கரம் மாட்டிக்கிச்சு!"

"சக்கரம் கெடக்கட்டும், கொழந்தைய தூக்கிக்கினு வாம்மா!"

"நான் தூக்கக்கூடாது!" என்று கத்தினேன்.

கேட்காரர் என் முகத்தையே பார்த்தார். நான் சொன்னது என் காதிலும் விழுந்தது. குனிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கேட்டில் நின்றிருந்த ஆலைத் தொழிலாளர்கள் இரண்டு பேர் வந்து வண்டியை இடுக்கிலிருந்து பிடுங்கி ஓரமாகப் போட்டார்கள். முன்சக்கரம் கோணிப் போயிருந்தது. சற்றுப் பொறுத்து ரயில் போனது. எஸ்டேட் ஆட்கள் ஜன்னலில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே போனார்கள்.

நான் கேட் ஓரத்தில் தையல் பிரிவதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன். எதுவும் பிரியவில்லை. குழந்தை என் தோளில் முகத்தைத் தேய்த்துவிட்டுத் தூங்கிப்போனது. நின்றபடி அதை நான் தூக்கிவைத்திருந்தது அதுதான் முதல் தடவை. அன்று பள்ளிக்கு ஒரு மணி நேரம் தாமதம். தலைமையாசிரியர் காரணம் எழுதித் தரச் சொன்னார். "குழந்தையைத் தூக்கினேன்" என்று எழுதினேன். அவர் அதைத் திருத்தி, "ரயில்வே கேட்" என்று எழுதிக்கொண்டார்.

விஷயத்தைக் கேட்ட என் கணவர் சனிக்கிழமை எங்களைத் திருவள்ளூருக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா தையலைப் பார்த்தார். ஆறி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார். இவர் நோட்டை எடுத்துக் காட்டினார். டாக்டரம்மா படித்துப் பார்த்தார்.

"தண்ணிக் கொடம், அரிசி மூட்டை, இதெல்லாம் தூக்கக்கூடாதுன்னு அர்த்தம். பெத்த கொழந்தைய யாருங்க தூக்காம இருப்பாங்க?"

இவர் நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ் பெரியபாளையம் தாண்டியது. குழந்தை என் மடியில் இருந்தது.

"மூணரை மாசம்" என்றார்.

"ஆமா."

"நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்."

"நானும் கேக்கல."

அப்புறம் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார். "கை வலிக்குதா? கொஞ்ச நேரம் நான் வச்சிக்கட்டா?"

வலித்துக்கொண்டுதான் இருந்தது. வேண்டாம் என்றேன்.