அம்மா கழுவிய மணிகள்

எங்கள் வீட்டு பிரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில், என் முதுகலைப் படிப்பு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. ஒரு கண்ணாடிப் புட்டி. அடியில் வெள்ளையாக ஏதோ படிவு, மேலே தெளிந்த தண்ணீர். பார்ப்பவர்களுக்கு அவ்வளவுதான்.

அந்த வெள்ளை, பாக்டீரியா செய்த பிளாஸ்டிக். தீனி மிஞ்சினால் சில பாக்டீரியாக்கள் அதைக் குட்டிக் குட்டி மணிகளாக உடம்புக்குள் சேர்த்து வைக்கும், நமக்குத் தொப்பை சேர்வது மாதிரி. மண்ணில் போட்டால் மக்கிவிடும். மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும் நொதியை அந்த மணிகள் மேல் ஒட்டவைப்பதுதான் என் வேலை. வெறும் நொதியைக் கரைத்து ஊற்றினால் தண்ணீரோடு போய்விடும்; ஒருமுறைதான். மணியில் ஒட்டியிருந்தால் படியவைத்து எடுத்து மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். கல்வராயன் மலை மரவள்ளிக் கிழங்கு லாரி லாரியாக வந்து இறங்கும் ஊரில், ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் மாவும் நாற்றமுமாக ஓடும் ஊரில், நான் வேறு எதை ஆராய்வேன்?

ஆனால் நொதி ஒட்டியதா என்று இன்னும் தெரியாது. திங்கட்கிழமைதான் சோதனை. கைவசம் அந்த ஒரு புட்டிதான். கல்லூரியில் மின்தடை என்றதும் என் ஆய்வு வழிகாட்டி மேடத்திடம் கெஞ்சி, ஐஸ் டப்பாவில் வைத்து, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் பார்த்தால் புட்டி இடம் மாறியிருந்தது.

"எம்மா, இத யாரு எடுத்தது?"

"நான்தான். ஒரே தண்ணியில கெடக்குதே, புளிச்சிப் போவாதா? மேல் தண்ணிய இறுத்துட்டு நல்ல தண்ணி வுட்டுக் கலக்கி வெச்சேன். ரெண்டு தபா."

அம்மா சேகோ ஆலையில் வேலை செய்கிறாள். தொட்டியில் மாவு படிந்ததும் மேல் தண்ணீரை மாற்றாவிட்டால் மாவு பழுப்பேறும், ஜவ்வரிசி வெளுக்காது. வெள்ளையாக எது படிந்து கிடந்தாலும் அம்மாவின் கை சும்மா இருக்காது.

புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நொதி சரியாக ஒட்டாமல் இருந்திருந்தால், இந்நேரம் அது இறுத்த தண்ணீரோடு கொல்லை வாழைமரத்தடியில் இருக்கும்.

"இன்னாடி, மொகம் இப்டிப் போவுது? தப்பு பண்ணிட்டனா?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லன்னா ஏன்டி அழுவுற?"

அதன் பிறகு அம்மா சோற்றைத் தொடவில்லை. அடுப்படியில் கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை வரைக்கும் இவளை இப்படி விடுவதா?

ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி ஆறவைத்து இரண்டு டம்ளரில் ஊற்றினேன். ஒன்றில் புட்டியைக் குலுக்கிக் கொஞ்சம் விட்டேன். மற்றது வெறும் கஞ்சி. அயோடின் வேண்டுமே? அது எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. ஆலைத் தண்ணீரில் ஊறி வெடித்த அம்மாவின் விரலிடுக்குகளுக்குப் போடும் பழுப்பு மருந்து அதுதான். மாவு இருந்தால் அது நீலமாகும். மாவு உடைந்துவிட்டால் ஆகாது. மேடம் இதையெல்லாம் சோதனை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

"வாம்மா, வந்து பாரு."

"நான் வர்ல. தொட்டா அதுவும் கெட்டுப்பூடும்."

"தொடாத. சும்மா பாரு."

அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, தள்ளியே உட்கார்ந்தாள். நொதி வேலை செய்ய அரை மணி நேரம் விட்டேன். பிறகு இரண்டிலும் மருந்தைச் சொட்டினேன். வெறும் கஞ்சி சட்டென்று மசியாகக் கறுத்து நீலமானது. மற்றது டிகாஷன் நிறத்திலேயே நின்றது. இன்னொரு சொட்டு விட்டேன். அப்போதும் நீலம் வரவில்லை.

"இது ஏன் மாறல?"

"மாவு இல்லம்மா, தின்னுடுச்சி! நீ ரெண்டு தபா கழுவியும் போவாம ஒட்டிக்கினு இருக்குது! நாளைக்கு லேப்ல நான் செய்ய வேண்டியதே அதான். கழுவிட்டு, இருக்குதான்னு பாக்கணும்."

அம்மா இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இன்னாத்துக்குடி அப்டி அழுத?" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடித்த கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகும் அவள் கண் பிரிட்ஜ் மேலேயே இருந்தது.

"அந்தப் புட்டிக்குத் தண்ணி மாத்தி ரொம்ப நேரம் ஆச்சில்ல?"

"எம்மா, சாப்புடு!"