ஒரே நாளில் இரண்டு வாக்கு

யுத்தத்தில் துறைமுகத்தில் குண்டு விழுந்ததற்கு அடுத்த வருஷம் சாம்பல்தீவில் எங்கள் கரைப் பக்கத்துக்கு ஒரே நாளில் இரண்டு தேர்தல் நடந்தது. அப்படி வைக்கப் பண்ணினவன் நான்.

குண்டுக்குப் பயந்து தம்பலகாமம் போன எங்கள் வட்டார உறுப்பினர் அங்கேயே வயல் செய்து தங்கிவிட்டார். கிராமச் சங்கத்தில் அவருடைய இடத்துக்கு இன்னும் ஏழு மாதம் மிச்சம் இருந்தது. அதற்கு இடைத்தேர்தல் என்று ஊர்த் தலைமைக்காரரான விதானையார் அறிவித்தார். ஏழு மாதத்துக்காக வயல் பக்கத்தில் ஒருவரும் மினக்கெடவில்லை; கரையிலிருந்து இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பெரிய கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டியார். மற்றவன் என் மனைவியின் தமையன், எனக்கு மச்சான்.

இன்னொரு தெரிவும் இருந்தது. ஏழு மாதம் கழித்து வரும் முழுத் தேர்தலில் கரையிலிருந்து இரண்டு பேர் நின்றால் வாக்குப் பிரிந்து வயல் பக்கத்து ஆள் வென்றுவிடுவார். அதனால் யார் நிற்பது என்று, வலை வைக்கும் கொட்டிலான வாடியில் கூடி முன்கூட்டியே எங்களுக்குள் தீர்த்துக்கொள்வது வழக்கம். அதற்கும் இதே இரண்டு பேர்தான். இடைத்தேர்தல் ஒரு செவ்வாய்க்கிழமை, வாடித் தெரிவு எட்டு நாள் கழித்து என்று இருந்தது.

எனக்கு நித்திரை போய்விட்டது. மச்சானுக்கு வாக்குப் போடக்கூடியவர்கள் முக்கால்வாசியும் என்னைப்போல் டொக்யாட்டில் கப்பல் துரு சுரண்டுகிறவர்கள். மாதத்துக்கு ஒரு அரைநாள் லீவுதான் எங்களுக்குக் கிடைக்கும். சம்மாட்டியாரின் வலைக்காரரோ எந்த நாளும் கரையில் நிற்பவர்கள். செவ்வாய்க்கிழமை நாங்கள் வந்துவிட்டால் அடுத்ததுக்கு வர ஏலாது. மச்சான் வேறு நாலு பேர் கேட்கத் தக்கதாகச் சொல்லிவிட்டான், தோற்றால் இந்தக் கரையில் நிற்கமாட்டேன், திரியாய்க்குப் போய்விடுவேன் என்று. குண்டு விழுந்ததிலிருந்து அவன் மனைவியும் பிள்ளைகளும் அங்கே மாமனார் வீட்டில்தான் இருந்தார்கள். அவன் மட்டும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இங்கே நின்றான். போவதற்கு அவனுக்கு ஒரு பாய் சுருட்டுகிற வேலைதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலைந்து கடதாசி கிழித்து விதானையாருக்கு ஒரு மனு எழுதினேன். அவர் வாசித்துவிட்டு, அரசாங்கத் தேர்தலைத் தன்னால் அசைக்க முடியாது, வாடித் தெரிவை வேண்டுமானால் அதே நாளுக்கு இழுத்துக்கொள்ளுங்கள் என்றார். சம்மாட்டியாரும் யோசிக்கவில்லை. இரண்டு நாள் வலையை நிறுத்துவதற்குப் பதில் ஒரு நாள் நிறுத்தினால் போதும் என்று சம்மதித்துவிட்டார்.

மனைவிக்கு மட்டும் பிடிக்கவில்லை. “ரெண்டு நாள் எண்டால் ஒண்டில தோத்தாலும் மற்றதில பார்க்கலாம். இப்ப அண்ணை ஒரே நாளில ரெண்டையும் தோத்தால் என்ன செய்வீங்கள்?” என்று கேட்டாள். அதுவரைக்கும் அந்தக் கோணத்தில் நான் பயப்படவில்லை. அன்றிலிருந்து பயந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டொக்யாட் லொறியில் வந்து இறங்கினோம். பள்ளிக்கூடத்தில் மச்சானுக்குச் சிவப்புப் பெட்டி, சம்மாட்டியாருக்குப் பச்சைப் பெட்டி. வேலிக்கு அந்தப் பக்கம் வாடியில் அதே நிறம் பூசிய இரண்டு பானை. பெட்டியில் துண்டைப் போட்டுவிட்டு வாடிக்குப் போய்ப் பானையில் ஒரு சிப்பி போட வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் மாமி முறையான ஒருத்தி நின்றா. ஆருக்குப் போடப்போகிறீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ரெண்டு பேருக்கும்தான்,” என்றா. “நேவிக்காரன் கரையில ஒரு நேரத்துக்கு ஒரு வலைதானே இழுக்க விடுறான். மூத்த ஆளின்ர வலை முதல், மற்றது பிறகு. ரெண்டு முறையையும் ஒராளுக்குக் குடுத்தால் மற்ற ஆள் என்னத்தைத் தின்னுறது, மருமோன்?”

“இது வலை இல்லை மாமி, வாக்கு.”

“வாக்கெண்டால் முறை இல்லையோ?”

பின்னால் நின்ற டொக்யாட் ஆட்களைத் திரும்பிப் பார்த்தேன். ஓம், அதுதானே நியாயம் என்று தலையாட்டினார்கள். எட்டு நாள் இடைவெளி இருந்திருந்தால் ஒருவருக்கும் இந்த எண்ணம் வந்திராது. பெட்டியையும் பானையையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, முறை பிரிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். மச்சானிடம் இதைச் சொல்லவில்லை. அவன் வேம்புக்குக் கீழே வெற்றிலை போட்டுக்கொண்டு, வெல்லப்போகிற ஆளாகவே நின்றான்.

நாலு மணிக்குப் பெட்டியை எண்ணினார்கள். பச்சை நிறைந்திருந்தது. சிவப்பில் என் துண்டும் இன்னும் கொஞ்சமும் கிடந்தன. மச்சான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டான். வாடியில் இன்னும் எண்ணி முடியவில்லை. போவதா நிற்பதா என்று தெரியாமல் நான் வேலி வாசலில் நின்றேன். கடைசியில் சிவப்புப் பானையைச் சரித்தபோது சிப்பி குவியலாகக் கொட்டியது. ஓடினேன்.

மச்சான் பாயைச் சுருட்டிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். விடிய வண்டி வரும், முந்தநாளே சொல்லி அனுப்பிவிட்டேன் என்றான். நான் இளைக்க இளைக்கச் சொன்னதை அவன் நம்பவில்லை.

“அதே சனம்தானே? வேலியைக் கடக்கப் புத்தி மாறுமோ?”

வலை முறையை விளங்கப்படுத்தினேன். கயிற்றை விட்டுவிட்டுச் சுருட்டிய பாயின்மேல் குந்தினான். பிறகு, “அப்ப நான் தோத்தனானோ, வெண்டனானோ?” என்று என்னைக் கேட்டான். அடுப்படியில் நின்ற மனைவிதான் சொன்னாள், “உங்கட முறை பிந்தி வருகுது, அவ்வளவுதான். பாயை அவிழுங்கோ.”

அவன் அவிழ்க்க முதல் சம்மாட்டியார் படலையைத் திறந்துகொண்டு வந்தார். எங்கள் நல்ல தண்ணீர்க் கிணறு நேவியின் முள்ளுக்கம்பிக்குள் போனதிலிருந்து கரைச் சனம் ஒரு கிணற்றுக்குத்தான் அலைந்தது. ஏழு மாதத்தில் தன்னால் அனுமதி எடுத்துக் குழி வெட்டத்தான் முடியும், கட்டி முடிக்கிறது உன் பாடு, ஆகவே இடத்தை இப்பவே இரண்டு பேருமாகத் தீர்மானிப்போம் என்று மச்சானிடம் சொன்னார். கோயிலடி நல்லது என்று தொடங்கினார்.

“கோயிலடியில உப்புத் தண்ணியெல்லோ அண்ணை,” என்றான் மச்சான்.

“நீ குடிச்சுப் பார்த்தனியோ?”

“குடிச்சபடியால்தான் சொல்லுறன்.”

மனைவி வைத்த தேத்தண்ணி ஆறியது. பொழுது இருக்கும்போதே மண்ணைப் பார்த்துவிடுவோம் என்று இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டே கோயிலடிக்குப் போனார்கள்.

விடிய, சொன்னபடியே திரியாயிலிருந்து மாட்டுவண்டி வந்து படலையில் நின்றது. இவ்வளவு தூரம் வந்த வண்டியை வெறுமையாய் விடக்கூடாது என்று சம்மாட்டியார் இரண்டு சாக்குக் கருவாடு ஏற்றுவித்தார். மச்சான் வண்டிக்காரனிடம், தன் மனைவிக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னான்: “பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரட்டாம். எனக்கு இஞ்சை கிணத்து வேலை கிடக்கு.”