முப்பது பேருக்குப் போன ‘சாப்டீங்களா?’

நான் உருவாக்கிய குறிப்பெடுக்கும் செயலியை அரியலூர், பெரம்பலூர் பக்கம் முப்பது பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். ஒரு போனில் எழுதுவது மற்றொன்றிலும் தெரிகிறதா என்று பார்க்க, என் இரண்டு போன்களில் ஒன்றில் "சாப்டீங்களா?" என்று தட்டினேன். நிரலில் ஒரு வரியை எழுதாமல் விட்டிருக்கிறேன். குறிப்பு முப்பது பேருக்கும் போய்விட்டது.

அடுத்தவர் குறிப்புக்குள் நுழைகிற செயலியை யார் வைத்துக்கொள்வார்கள்? மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடும்போதே அந்தக் குறிப்பின் கீழே பதில்கள் வந்தன.

"யாருங்க இது, என் நோட்டுல?"

"உடையார்பாளையத்துல இப்பதான் இட்லி வெந்துச்சு."

"சாப்ட்டேங்க. நீங்க சாப்டீங்களா?"

எங்கெங்கோ இருப்பவர்களின் எழுத்து என் திரைக்கே வந்து சேர்ந்ததும், செயலி வேலை செய்கிறதே என்ற மகிழ்ச்சியில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பிழையைத் திருத்தி மன்னிப்பும் கேட்டேன். அந்தக் குறிப்பை அழிக்கும் முன், ‘நீங்க சாப்டீங்களா?’ என்று கேட்டவருக்கு உண்மையைச் சொன்னேன்: "நேத்து மத்தியானத்துலேருந்து சாப்புடலைங்க."