வானொலி சொல்லாத தகுதி

ஞாயிறு மாலை, மவுண்ட் ரோஸ்கில் தேவாலய மண்டபம். மதுரையிலிருந்து வெளிநாட்டிலுள்ள தங்கை வீட்டுக்கு வந்திருக்கும் நான், அவளுடன் தமிழ்ச் சங்கத் தலைவர் தேர்தல் முடிவுக்காகக் காத்திருக்கிறேன். ஒரு டாக்டருக்கும் சிவமலருக்கும் போட்டி. உள்ளூர்த் தமிழ் வானொலி மூன்று வாரமாக டாக்டரின் பட்டங்களை அடுக்கியது. சிவமலரைப் பற்றி மட்டும் "பஸ் ஓட்டும் பெண்மணி" என்பதோடு நிறுத்திக்கொண்டது.

"வருத்தமா இல்லையாக்கா?" என்று அருகில் நிற்கும் சிவமலரிடமே கேட்கிறேன்.

"பஸ் ஓட்டுறது உண்மைதானே. மிச்சத்தையும் சொல்லியிருக்கலாம்."

முடிவை அறிவிக்கிறார்கள். சிவமலர் வென்றுவிட்டார்! மண்டபமே எழுந்து கைதட்டுகிறது. என் தங்கை நாற்காலி மேல் ஏறி விசிலடிக்கிறாள். வானொலி அறிவிப்பாளர் மைக்கை நீட்டுகிறார்.

"நேரலையில நிக்கிறம், அக்கா. ஏதாவது கதையுங்கோ."

"முதல்ல நான் ஆரெண்டு நீங்க சொல்லுங்கோ, தம்பி. பிறகு கதைக்கிறன்."

அவர் கையிலுள்ள குறிப்புத்தாளைப் புரட்டுகிறார்.

"எட்டு வருசம் சங்கச் செயலாளர்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கினவா!"

"வெள்ளம் வந்த அண்டைக்கு எங்கட வீட்டுச் சனத்தை பஸ்ஸில ஏத்திக்கொண்டு வந்தவா!"

அறிவிப்பாளர் ஒவ்வொன்றையும் மைக்கில் திருப்பிச் சொல்கிறார். சிவமலர் கைகட்டி நின்று, முழுவதையும் கேட்கிறார்.