மாமனார் அடக்கம் இருந்த பெட்டி

என் மாமனார் இறந்தபோது என் வீட்டுக்காரர் கப்பலில் இருந்தார். கரை சேரவே இன்னும் பல நாள் ஓட்டம். போனில் அழுது முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அடக்கத்த முழுசா வீடியோ எடுக்கச் சொல்லு. துண்டு துண்டா எனக்கு அனுப்பாண்டாம். வீட்டுக்கு வந்து உக்காந்து பாத்துக்கிடுதேன்."

மூத்த மகன் அவர். தகப்பனார் குழியில் ஒரு கைப்பிடி மண் போட முடியாதவர் வேறு என்ன கேட்பார்?

ஸ்டுடியோக்காரர் எடுத்துப் பென்டிரைவில் தந்தார். அதை எங்கள் வீட்டுப் பெட்டியில் ஏற்றினோம். பெட்டி என்று நாங்கள் சொல்வது, வைஃபையோடு சேர்ந்து ஓடுகிற நாஸ்; வீட்டுப் படம், வீடியோ எல்லாம் அதில்தான் சேர்த்து வைப்போம். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். முந்தின லீவுக்கு வரும்போது அவர்தான் சிங்கப்பூரில் வாங்கி வந்தார். ஒன்று கெட்டாலும் மற்றதில் அதே படங்கள் இருக்கும் என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நம்பித்தான், கிறிஸ்மஸ் குடிலுக்குப் பாட்டு ஏற்ற அந்தப் பென்டிரைவைக் கொடுத்தேன். ஏற்றியவர்கள் பழையதை அழித்துவிட்டார்கள். ஸ்டுடியோவிலும் எங்கள் வீடியோவை எப்போதோ அழித்தாயிற்று.

ஈஸ்டர் முடிந்து வீட்டுக்காரர் வருவதாக இருந்தது. எதற்கும் ஒரு தடவை பார்ப்போம் என்று டிவியில் போட்டேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, படம் வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து பல்லி கொட்டுகிற மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம். கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். ரெண்டு தெரு தள்ளிதான் வீடு. ஹார்பர் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சட்டைகூட மாற்றாமல் வந்தார்.

"மைனி, இது எவ்வளவு நாளா செவப்பா எரியுது?"

"எது?"

"பெட்டி லைட்டு. பச்சையா இல்லா எரியணும்?"

வைஃபைக்கு உள்ள பிளக் எங்கள் வீட்டில் ஜெப மாடத்துக்கு அருகில்தான் இருக்கிறது. அதனால் பெட்டியையும் மாடத்திலேயே, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்திருந்தோம். அந்தப் படத்துக்கு முன்னால் சிவப்புப் பல்பு ஒன்று இரவும் பகலும் எரியும், அணைப்பதே இல்லை. பெட்டியில் தெரிந்த சிவப்பும் அந்தப் பல்பின் வெளிச்சம்தான் என்று நினைத்துவிட்டேன். அதைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு! ஒரு டிஸ்க் செத்து எத்தன மாசமோ. நீங்க அது முன்னால முழங்கால் போட்டு ஜெபமால சொல்லிக்கிட்டு இருந்திருக்கிய."

"செத்தவங்களுக்குச் சொல்லுறதுதானே" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கீ கீன்னு கத்தியிருக்குமே மைனி?"

"கத்துச்சு. இன்வெர்ட்டர்னு நெனச்சு அதுக்குத் தண்ணி ஊத்துனேன்."

ஒன்று செத்த பிறகு மற்ற டிஸ்க் தனியாகவே ஓடியிருக்கிறது. இப்போது அதுவும் போய்க்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் திருகாணியெல்லாம் துரு. உப்பளக் காற்று எங்கள் வீட்டில் எதைத்தான் விட்டது?

"சும்மா சும்மா போட்டு அணைக்காதிய. இருக்கதும் போயிரும்" என்றார். "மொதல்ல இத அப்படியே புது டிஸ்க்குக்கு நகல் எடுப்போம். வீடியோ இருக்கா இல்லையான்னு நகல்லதான் தேடணும். பழசத் தொடப்புடாது."

பழைய டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினார். படிக்க முடிந்ததை எடுக்கும்; முடியாத இடத்தைத் தாண்டிப் போகும்; கடைசியில் அந்த இடங்களுக்கே திரும்ப வந்து முயன்று பார்க்கும் என்று விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. சூடாகாமல் மேசை ஃபேனைத் திருப்பி வைத்து, பிள்ளைகள் வயரில் கால் தட்டாமல் பார்ப்பது என் வேலை.

அது நாள் கணக்கில் ஓடியது. சமையல், பிள்ளைகளுக்குப் பரீட்சை, துணி துவைப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் போய்ப் போய் அந்தத் திரையைப் பார்ப்பேன். கோடு நகர்ந்திருக்காது. அந்தோணியாரிடம்தான் ஒப்படைத்தேன். சாவி தொலைந்தாலே அவரைக் கூப்பிடுகிறவர்கள் நாங்கள். ஆனால் ஜெபமாலை சொல்லும்போது அசதியில் அருள் நிறைந்த மரியே மந்திரம் பாதியிலேயே நின்றுபோகும். எந்த மணியில் விட்டேன் என்பதும் தெரியாது. விட்ட இடத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று எழுந்து போய்ச் சோறு வடிப்பேன்.

வீட்டுக்காரர் போன் பண்ணும்போதெல்லாம் அதே கேள்வி. "அந்த வீடியோ பத்திரமா இருக்குல்லா?"

"நீங்க நல்லபடியா வந்து சேருங்க" என்பேன். இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

நகல் முடிந்தது. பிள்ளை முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்கள், கிறிஸ்மஸ், மணப்பாட்டுத் திருவிழா எல்லாம் வந்துவிட்டன. அடக்க வீடியோவும் திறந்தது. வீட்டில் கிடத்தியிருந்தது, தெருவில் தூக்கிக்கொண்டு போனது, கோயிலில் பூசை. கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய டிஸ்க்கில் அந்த இடத்தை மறுபடியும் படிக்கவிட்டுப் பார்த்தார். அது சுற்றுவதையே நிறுத்திவிட்டது.

கொழுந்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் அப்பாதானே.

"அண்ணன்கிட்ட யாரு சொல்லுதது?"

"நாந்தான் சொல்லணும். வந்து எறங்கட்டும்."

வந்து இறங்கியவரிடம், காப்பி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. "இருக்கதப் போடு" என்று தரையில் உட்கார்ந்தார்.

படம் நின்ற இடத்தில் கல்லறைச் சுவரின் மூலையும் யாருடைய தோளோ ஒன்றும் மட்டும் தெரிந்தன. அணைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சாமியார் செபம் சொல்வது கேட்டது. கொழுந்தனார் அப்பா அப்பா என்று கத்துவது கேட்டது. ஊர் ஜனம் பதில் சொன்னபோது இவரும் அவர்களோடு சேர்ந்து சத்தமாகப் பதில் சொன்னார். மண் விழத் தொடங்கியது. பொலபொலவென்று முதலில், அப்புறம் மம்மட்டியால் தள்ளுகிற சத்தம். அது ஓயும்வரை பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏளா, படம் இல்லன்னு இத அழிச்சிராத. தம்பிட்டச் சொல்லி இன்னும் ரெண்டுல போட்டு வை."

ஒன்று எங்கள் பீரோவில் இருக்கிறது. ஒன்று கொழுந்தனார் வீட்டில். மூன்றாவதை, அவர் திரும்பக் கப்பலுக்குப் போனபோது துணிப்பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் பொதிந்து வைத்தேன்.