படர்தாமரையோடு பெண் பார்க்கப் போனது

நான் பெண் பார்க்கப் போனது ஆருத்ரா தரிசனத்தன்று என்று என் அக்கா இன்றும் சாதிக்கிறாள். தவறு. மார்கழியில் எங்கள் வீடுகளில் யாரும் பெண் பார்க்கப் போவதில்லை. அது கார்த்திகை. வருஷத்திலும் எனக்குச் சந்தேகமில்லை: யுத்தம் முடிந்திருந்தது, துணி ரேஷன் முடியவில்லை.

இந்த ரேஷன்தான் எல்லாவற்றுக்கும் காரணம். கடலூரில் அக்கா வீட்டில் தங்கி, மஞ்சக்குப்பத்தில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அக்கா புருஷரான மாமாவுக்கும் சேர்த்து, கிழியாத துண்டு ஒன்றே ஒன்று. முறை வைத்துப் போட்டுக்கொண்டோம். என் இடது தோளில் படர்தாமரை வந்தது.

சட்டைக்குள் இருந்தவரை அது அரிப்போடு நின்றது. சிதம்பரத்துப் பெண் வீட்டார் ஆள் விட்டுச் சொன்ன பிறகு தூக்கமும் போயிற்று. பெண்ணைக் கோயிலிலேயே பார்த்துவிடலாமாம். அப்படியே கனகசபை ஏறித் தரிசனமும் பண்ணலாமாம். கனகசபை ஏற ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். துண்டும் இடுப்புக்குப் போய்விடும். அந்தப் பெண்ணை நான் ஒரு கல்யாணத்தில் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். வேறு இடம் பாருங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

"பூவரசங்காய் இருக்கச்சே இன்னா பயம் மச்சான்?" என்றார் மாமா. பச்சைக் காயைக் கீறி, வடிந்த மஞ்சள் பாலைத் தோள் முழுக்கத் தடவினார். காலையிலும் மாலையிலும் இதே பூசை. அரிப்பு கொஞ்சம் அடங்கியது. ஆனால் அதுவரை உற்றுப் பார்த்தால்தான் தெரிந்த வட்டங்கள், இப்போது மஞ்சள் சாயம் ஏறி எதிர்வீட்டுக்கே தெரிந்தன. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் சாயம் போகவில்லை.

"சாமியாப் பாத்து வழி வுடும்" என்று சொல்லி ரயிலேறிய மாமா, சிதம்பரத்தில் இறங்கியதும் கீழவீதிக் கடையில் ஒரு பெரிய விபூதிப் பொட்டலம் வாங்கினார். கோபுர வாசலுக்குள் ஒரு தூண் மறைவில் என் தோளில் அதைக் குழைத்துப் பூசினார். ஒரு தோள் மட்டும் வெள்ளையாக இருந்தால் சந்தேகம் வரும் என்று மறுதோளிலும் பூசினார். பிறகு மார்பு, முதுகு, கை. பொட்டலம் தீர்ந்துதான் நிறுத்தினார்.

பெண்ணின் தகப்பனார் என்னைக் கண்டதும் கும்பிட்டார். மாப்பிள்ளையைக் கும்பிடுகிற கும்பிடு அல்ல அது. தரிசனம் முடிந்து வெளிப் பிரகாரத்தில் உட்கார்ந்ததும் மாமாவைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனைக்கக் கூடாது. தம்பிக்குச் சாமியாராப் போற எண்ணம் எதுனா உண்டா?"

"அய்ய, அதெல்லாம் இல்லீங்க. கொஞ்சம் பக்தி ஜாஸ்தி."

"என் தம்பியும் இப்படித்தான் பூசிக்கினு இருந்தான். பொண்டாட்டி, ரெண்டு புள்ளை எல்லாத்தையும் வுட்டுட்டுத் திருவண்ணாமலைக்குப் போனவன், இன்னும் வரல. அவுங்க மூணு பேருக்கும் நாந்தான் சோறு போடறேன்." அவர் மேல்துண்டை எடுத்து உதறினார். எழுந்திருக்கப் போகிறார் என்று தெரிந்தது. அவருக்குப் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தேன்.

"பக்தி இல்லீங்க," என்றேன். "படர்தாமரை."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் இடது தோளைத் துண்டால் துடைத்துக் காட்டினேன். மஞ்சள் வட்டங்கள் பளிச்சென்று வெளிப்பட்டன. தகப்பனார் குனிந்து மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தார். அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"படர்தாமரைதானா! அத்தச் சொல்லாம ஏன் தம்பி எங்களைக் கலங்க அடிச்சீங்க? பூவரசங்காயா?"

"ஆமாங்க."

அப்போதுதான் அந்தக் குரலை முதல்முறை கேட்டேன். பெண் தகப்பனாரிடம் பேசினாள். கண் மட்டும் என் தோளில் இருந்தது.

"இதுக்கு அது பத்தாதுப்பா. நம்ம கொல்லையில நாகமல்லி இருக்குதில்ல, அந்த எலையை எலுமிச்சம்பழச் சாறு வுட்டு அரைச்சுப் போடச் சொல்லு. எரியும். பொறுத்துக்கணும்."

"பொறுத்துக்குவார்," என்றார் தகப்பனார், என்னைக் கேட்காமலே. தை மாதத்தில் முகூர்த்தம் பார்க்கலாம் என்றும் அதே மூச்சில் சொன்னார்.

அவர்கள் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்தோம். புறப்படும்போது பெண் ஒரு பிடி நாகமல்லி இலையை வாழையிலையில் சுருட்டிக் கொண்டுவந்து வைத்தாள். மாமா அதை எடுத்துக் கையால் எடை பார்த்தார்.

"இன்னொரு பிடி குடும்மா," என்றார்.

"அவருக்கு இதுவே ஜாஸ்தி மாமா."

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. "அவருக்குச் சரி," என்றார், வேட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு. "அவரு தோள்ல போட்ட துண்டு யார்கிட்டேருந்து போச்சுன்னு நெனைக்கிறே?"