கண்ணாடியக்காவின் இரண்டு நிமிடத் தீர்ப்பு

"என்னப் பாருங்க. கூரையில ஒண்ணும் எழுதி வைக்கல, என் கண்ணப் பாருங்க. கடிச்சிர மாட்டேன்."

காலையிலிருந்து இருபதாவது ஆளின் முகத்துக்கு நேரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கருவிழிக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளக்கிறாள் கண்ணாடியக்கா. பதினெட்டு வருடமாக இதே கடை, இதே முக்காலி. ஊருக்கெல்லாம் ஸ்க்ரூ முடுக்குகிறவளின் சொந்தக் கண்ணாடி மட்டும் ஒரு காதுப்பக்கம் நூல் சுற்றித்தான் நிற்கிறது. கேட்டால், "நானே வாடிக்கையா வந்து உக்காந்தா சரி பண்ணித் தர்றேன்" என்பாள்.

காத்திருப்பவர்களுக்காகச் சுவரில் ஒரு டிவி உண்டு. அதில் பெரிய மனிதர் யாராவது வந்துவிட்டால் போதும், அளவுகோல் அந்தரத்தில் நின்றுவிடும். சதுரங்க வீரர் குனிந்தபடியே பேசினாரா, ஆட்டிசம். விஞ்ஞானி ஒருத்தி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்து போனாளா, அவளுக்கும் அதேதான். "படிச்சது எட்டாவது, பாக்கறது டாக்டர் வேலை" என்று தன்னைத்தானே நக்கலடித்துக்கொள்வாள். ஆனால் சொன்ன தீர்ப்பை மாற்றமாட்டாள்.

இந்தப் பைத்தியம் சும்மா பிடிக்கவில்லை. உள்ளறையில் லென்ஸ் தேய்ப்பவள் அக்காவின் மகள், இருபத்தாறு வயது. போன வருடம் அவளாகவே மருத்துவரைத் தேடிப் போய், மூன்று மாதம் நடையாய் நடந்து, தனக்கு இருப்பது ஆட்டிசம்தான் என்று தெரிந்துகொண்டு வந்தாள். அக்காவையும் ஒருநாள் மருத்துவமனையில் உட்காரவைத்து, பிள்ளை எப்போது தவழ்ந்தது, எந்தச் சத்தத்துக்கு அழுதது என்று அரைநாள் துருவினார்கள். அப்படியும் அன்றைக்கே இன்னதென்று சொல்லிவிடவில்லை. வீடு திரும்பும் வழியில் மகள் ஒன்றே ஒன்று கேட்டாள். "யாருக்குச் சொல்லணும், யாருக்கு வேணாம்னு நான்தாம்மா முடிவு பண்ணுவேன்." அக்கா சத்தியம் செய்து கொடுத்தாள்.

காப்பாற்றவும் செய்தாள். ஆனால் எதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவியாயிற்றே. சொந்த வீட்டுச் சங்கதியைச் சொல்ல முடியாத வாய், ஊரார் வீட்டுச் சங்கதியைச் சொல்லி ஆறிக்கொண்டது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் தன் மகளின் கட்சி என்று நினைத்துக்கொள்வதில் ஒரு தெம்பும் இருந்தது.

ஒருநாள் டிவியில் மந்திரி ஒருவர் வந்தார். பாலம் இடிந்து ஆட்கள் செத்த செய்தியை, நிமிராமல், குரல் ஏறாமல் இறங்காமல் வாசித்தார். "பாவம், இவருக்கும் அதுதான்" என்றாள் அக்கா. ஃபிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட டீச்சர் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"அதான பாத்தேன். அந்த மாதிரி ஆளுங்களுக்கு மனசுன்னு ஒண்ணே கிடையாதுக்கா."

உள்ளே லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் நின்றது.

குழந்தைகளின் கன்னத்தில் கீறிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு லென்ஸின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்து இன்னொரு தரம் தேய்க்கிறவள் என் பெண், அவளுக்கா மனசில்லை என்று கேட்க அக்காவுக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. கேட்டால் சத்தியம் போய்விடும். நெருப்பைப் பற்றவைத்தவளும் அவளேதான், தண்ணீர் ஊற்ற முடியாமல் நின்றவளும் அவளேதான். அன்றைக்கு டீச்சருக்கு அளவெடுக்கும்போது கூரையைப் பார்த்தது அக்கா.

கடை சாத்தும் நேரத்தில் மகள் லென்ஸ் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "உள்ளருந்து பாத்தேன், மந்திரி பேப்பரக் கைய நீட்டிப் பிடிச்சிருந்தாரு. வாசிக்கிற கண்ணாடிய மறந்துட்டு வந்திருக்கலாம். நானும் சும்மாதான் அடிச்சு விடறேன், உன்ன மாதிரி."

பதினெட்டு வருடம் கண்ணாடிக் கடையில் குப்பை கொட்டியும் இது தோன்றவில்லையே என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

"எனக்காக வாய மூடிக்கிட்ட. டிவியில வர்றவங்களுக்காக யாரும்மா மூடறது? இன்னொரு தடவ இதக் காதுல வாங்கிட்டு உள்ள உக்காந்திருக்க முடியாது. வேற கடை பாத்துக்கறேன்."

அக்கா அந்தச் சிரிப்பைப் பாதியிலேயே மடித்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் டிவியில் ஒரு பாடகி. கைதட்டல் காதைப் பிளக்க, மேடையில் நின்றபடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் பாடகியைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்கள். தீர்ப்புக் கேட்டுப் பழகிப்போன கூட்டம். "என்னக்கா, இவங்களுக்கும் அதானோ?" என்றார் ஒருவர்.

உள்ளே இயந்திரம் நின்றது.

அக்காவின் விரல் பழக்க தோஷத்தில் டிவியை நோக்கிக் கிளம்பிவிட்டது. பாதி வழியில் திரும்பித் தன் காதுக்கே வந்தது. நூல் சுற்றிய பக்கத்தைக் காதிலிருந்து விடுவித்து, கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, மடியில் வைத்துக்கொண்டாள். பாடகி, மேடை, பெஞ்சு, கேட்டவர் எல்லாம் வெறும் வெளிச்சக் கலங்கலாகிப் போயின. உள்ளே இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கும்வரை அவள் அதை எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை.